உயில்கள், நிலப் பத்திரங்கள் வழியே காலனி கால அமெரிக்க மூதாதையரைத் தேடுவது: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-ல் நடந்தது. அதில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான் இருக்கும். மனைவி, பிள்ளைகள் எல்லாம் வெறும் எண்ணிக்கை. வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் எழுத ஆரம்பித்தது 1850-ல். அப்போதும் அடிமைப்படுத்தப்பட்டவர்களின் பெயர்களை எழுதவில்லை. 1776-க்கு முந்தைய ஒரு குடும்பத்தைப் பிடிக்க வேண்டுமானால், பெரும்பாலான இடங்களில் கையில் கிடைப்பவை இரண்டே: உயிலும் நிலப் பத்திரமும்.

இவற்றில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பெயரைத் தேடுகிறார்கள். ஒரே கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பகுதி), ஒரே பத்தாண்டில், ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பது சாதாரணம். யார் எந்த ஜான், எந்த வில்லியம் என்பதைப் பெயர் சொல்லாது, நிலம் சொல்லும். ஓடையின் பெயர், பக்கத்து நிலத்துக்காரர், எல்லையில் நிற்கும் ஓக் மரம் ஆகியவை ஒரு மனிதரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும். இந்த வழிகாட்டி முழுவதும் நிலத்தைப் பிடித்துக்கொண்டே நடக்கும். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வர்ஜீனியாவிலிருந்து. மற்றக் காலனிகளின் வேறுபாடுகள் பின்னால் வரும்.

முதல் வேலை: அந்த ஆண்டில் அது எந்தக் கவுண்டி?

பத்திரங்களும் உயில்களும் வர்ஜீனியாவில் கவுண்டி நீதிமன்றத்தில் பதிவாயின. மக்கள் பெருகப் பெருக, கவுண்டிகள் உடைந்து புதிய கவுண்டிகள் பிறந்தன. பழைய புத்தகங்கள் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிட்டன. நகராமல் ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பத்தின் ஆவணங்கள் இரண்டு, மூன்று கவுண்டிகளில் கிடப்பது இதனால்தான்.

ஜார்ஜ் வாஷிங்டன் சிறுவனாக வளர்ந்த பண்ணை, இன்று ஃபெர்ரி ஃபார்ம் என்று அழைக்கப்படுவது, இப்போது ஸ்டாஃபோர்டு கவுண்டியில் இருக்கிறது. அவருடைய தந்தை அகஸ்டின் வாஷிங்டன் 1743-ல் இறந்தபோது அது கிங் ஜார்ஜ் கவுண்டி. அவருடைய உயில் மெய்ப்பிக்கப்பட்டதும், அதாவது உண்மையானதென்று நீதிமன்றம் ஏற்றுப் பதிவு செய்ததும், அங்கேதான். இன்றைய வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஸ்டாஃபோர்டில் மட்டும் தேடுகிறவருக்கு எதுவும் கிடைக்காது.

சிகாகோவின் நியூபெர்ரி நூலகம் கவுண்டி எல்லைகளின் வரலாற்று வரைபடத் தொகுப்பை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தேதியைக் கொடுத்தால் அன்றைய எல்லையைக் காட்டும். உங்கள் குடும்பம் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, 10 ஆண்டுக்கு ஒருமுறை கவுண்டியின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். தேட வேண்டிய நீதிமன்றங்களின் பட்டியல் அதுதான்.

தேதியைச் சரியாகப் படிப்பது

1752-க்கு முன்பு ஆங்கிலேயக் காலனிகளில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-ல். நமக்குச் சித்திரையில் வருடம் பிறப்பது போல, அவர்களுக்கு மார்ச்சில். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரையுள்ள நாட்கள் பழைய ஆண்டிலேயே சேரும். 1731 பிப்ரவரி 10 என்று தேதியிட்ட உயில், 1732 ஏப்ரல் 5-ல் நீதிமன்றத்துக்கு வந்தால், இடையில் 14 மாதம் போகவில்லை. சுமார் 2 மாதம்தான். இதைக் கவனிக்காமல் விட்டால், தந்தை இறந்தபின் பிள்ளை பிறந்தது போன்ற குழப்பங்கள் வரும்.

குழப்பம் வராமலிருக்க அக்காலத்தவரே 1731/2 என்று இரட்டை ஆண்டு போடுவதுண்டு. வாஷிங்டன் குடும்ப பைபிளில் ஜார்ஜின் பிறந்த தேதி 1731/2 பிப்ரவரி 11 என்றுதான் இருக்கிறது. புதிய நாட்காட்டிப்படி அதுவே 1732 பிப்ரவரி 22. மாற்றம் நடந்த 1752-ல் செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. குவாக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஆவணங்களில் மாதங்களுக்கு எண்தான். 1752-க்கு முன் அவர்களுடைய முதல் மாதம் மார்ச். செப்டம்பரை 7 என்ற எண்ணோடு சுருக்கி எழுதியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பரே.

குறிப்பெடுக்கும்போது ஆவணத்தில் உள்ளபடியே தேதியை எழுதுங்கள். திருத்திய தேதியைப் பக்கத்துப் பத்தியில் தனியாக வையுங்கள். மூலத்தையே திருத்தி எழுதிவிட்டால், இரண்டாவது முறை பார்க்கும்போது மறுபடியும் ஓர் ஆண்டைக் கூட்டிவிடுவீர்கள்.

உயிலைப் படிப்பது

உயில் புத்தகத்தில் இருப்பது எழுத்தர் எடுத்த நகல். அதிலுள்ள கையெழுத்தும் எழுத்தருடையதே. மூல உயில் தனித்தாளாகப் பிழைத்திருந்தால் அதையும் பாருங்கள். நகலில் ஒரு வரி விட்டுப்போவது அடிக்கடி நடந்திருக்கிறது. உயிலோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. சொத்து விவரப் பட்டியல், நிறைவேற்றுநரின் கணக்கு, ஜாமீன் பத்திரம், காப்பாளர் நியமனம், சொத்துப் பிரிவினை என்று ஓர் இறப்பைச் சுற்றி ஐந்தாறு தாள்கள் இருக்கும். மகளின் கணவர் பெயர் பல உயில்களில் இருக்காது. ஐந்து ஆண்டு கழித்து வரும் கணக்கில், அவள் பங்கை வாங்கிக்கொண்டவராக இருப்பார்.

உயில் எழுதிய தேதிக்கும் அது மெய்ப்பிக்கப்பட்ட தேதிக்கும் இடையில்தான் இறப்பு. அகஸ்டின் வாஷிங்டன் உயிலெழுதியது 1743 ஏப்ரல் 11, இறந்தது மறுநாள், உயில் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டது மே 6. பலர் படுக்கையில் விழுந்தபிறகே எழுதினார்கள் என்பதால் இடைவெளி பெரும்பாலும் குறுகியதாகவே இருக்கும்.

உயிலில் சொல்லப்பட்ட பிள்ளைகளை முழுப் பட்டியல் என்று எடுத்துக்கொள்வதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு. காலனி கால வர்ஜீனியாவில், உயிலில் சொல்லாமல் விட்ட நிலம் மூத்த மகனுக்கே போகும். இந்தச் சட்டத்தை 1785-ல்தான் நீக்கினார்கள். அதனால் மூத்த மகனைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாத உயில் உண்டு. அவர் பெயர் இல்லாததாலேயே அவர் மூத்தவராக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். மாசசூசெட்ஸ், கனெக்டிகட், பென்சில்வேனியா ஆகியவற்றில் உயில் இல்லாதபோது எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு.

ஒரு பிள்ளைக்கு ஒரு ஷில்லிங் மட்டும் எழுதியிருந்தால், தகப்பன் கோபத்தில் ஒதுக்கிவிட்டார் என்று கதை கட்டிவிடாதீர்கள். முன்பே பங்கைக் கொடுத்துவிட்டு, வழக்கு வராமலிருக்க ஒரு ஷில்லிங் எழுதுவது வழக்கம். உயிலுக்கு முந்தைய 20 ஆண்டுப் பத்திர அட்டவணையில், விற்றவர் பக்கத்தில் தகப்பன் பெயரைத் தேடுங்கள். ‘அன்பும் பாசமும் கருதி’ மகனுக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரம் அங்கே இருக்கக்கூடும்.

உறவுச் சொற்களில் மிகவும் நிதானம் வேண்டும். தமிழில் சித்தப்பா மகன் வேறு, அத்தை மகன் வேறு. அந்த ஆங்கிலத்தில் கசின் என்ற ஒரே சொல்லுக்குள் அண்ணன் மகன், அக்கா மகள்கூட அடங்குவார்கள். சன்-இன்-லா என்றால் மருமகனாகவும் இருக்கலாம், மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகனாகவும் இருக்கலாம். மதர்-இன்-லா சில இடங்களில் சிற்றன்னை. பிரதர் என்பது மனைவியின் தம்பியைக் குறிக்கலாம். சீனியர், ஜூனியர் என்றால் தகப்பன்-மகனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே ஊரில் அதே பெயருள்ள மூத்தவர், இளையவர் என்றுதான் பொருள். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார். அதே மனிதரை இரண்டு பேராக எண்ணிவிடும் அபாயம் இங்கே இருக்கிறது. ‘என் இப்போதைய மனைவி’ என்றால் முன்பு ஒரு மனைவி இருந்தாள் என்று அர்த்தமில்லை. ஆர்ஃபன் என்றால் தகப்பனை இழந்தவர். தாய் உயிரோடு இருக்கலாம்.

வயதைச் சட்டத்திலிருந்து கணக்கிடுங்கள். 14 வயதானால் பையன் தன் காப்பாளரைத் தானே தேர்ந்தெடுக்கலாம், 21-ல் மேஜர். 1750-ல் ஒரு பையன் நீதிமன்றத்தில் காப்பாளரைத் தேர்ந்தெடுத்தால், அவன் சுமார் 1729-க்கும் 1736-க்கும் இடையில் பிறந்தவன். வர்ஜீனியாவில் வெள்ளை ஆண்களுக்குத் தலைவரி 16 வயதில் தொடங்கியது. வரிப்பட்டியலில் மகன் முதன்முதலாகத் தோன்றும் ஆண்டு இன்னொரு கணக்கைக் கொடுக்கும். இப்படிப்பட்ட மூன்று நான்கு வரம்புகளைச் சேர்த்தால், பிறந்த ஆண்டு இரண்டு ஆண்டு இடைவெளிக்குள் வந்துவிடும்.

நிலம் எப்படி வந்தது, எப்படிப் போனது

வர்ஜீனியாவில் அரசிடமிருந்து முதன்முதலாக நிலம் தனியாருக்குப் போவதற்குப் பேட்டன்ட் என்று பெயர். நம் ஊர்ப் பேச்சில் அதுதான் மூலப் பத்திரம். 1618 முதல், கடல் கடந்து ஒருவரைக் கொண்டுவந்தவருக்கு ஆளுக்கு 50 ஏக்கர் கிடைத்தது. 300 ஏக்கர் பேட்டன்டில் 6 பெயர் இருக்கும். அந்த உரிமையை விற்கவும் வாங்கவும் முடிந்தது. பல ஆண்டு கழித்தும் பயன்படுத்தினார்கள். ஆகவே பேட்டன்ட் தேதியை ஒருவர் வந்திறங்கிய தேதியாக எழுதக்கூடாது. அதற்கு முன்பே வந்துவிட்டார் என்பது மட்டும்தான் தெரியும். நிலம் வாங்கியவரும் பட்டியலில் உள்ளவர்களும் உறவினர் என்பதற்கும் அது ஆதாரமில்லை.

இந்தப் பேட்டன்ட்கள் ரிச்மண்டில் உள்ள வர்ஜீனியா மாநில நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொடோமாக், ரப்பஹானக் ஆறுகளுக்கு இடையிலுள்ள நார்தர்ன் நெக் பகுதி தனி உரிமையாளர்களின் கையில் இருந்தது. பிற்காலத்தில் ஃபேர்ஃபாக்ஸ் பிரபு. அவர்கள் கொடுத்த நில மானியங்கள் தனிப் புத்தகங்களில் உள்ளன. முதல் தேடலில் கிடைக்கவில்லையென்றால் அங்கே பாருங்கள். 1704-ல் தொகுத்த குத்தகைவரிப் பட்டியலிலும் நார்தர்ன் நெக் சேரவில்லை.

அடுத்தது கிரையப் பத்திரங்கள். வர்ஜீனியாவில் ஒரே விற்பனைக்கு அடுத்தடுத்த நாளில் இரண்டு பத்திரம் எழுதுவது நீண்டகால வழக்கம். முதல் நாள் 5 ஷில்லிங்குக்கு ஓராண்டுக் குத்தகை, மறுநாள் உண்மையான விலைக்கு விடுதலைப் பத்திரம். முதலாவதை மட்டும் படித்துவிட்டு ‘நிலம் 5 ஷில்லிங்குக்குப் போனது’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். விலையும் மனைவி பெயரும் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கும்.

விலையிலிருந்து உறவையும் ஊகிக்கலாம், ஆனால் எச்சரிக்கையோடு. 1736-ல் வில்லியம் ராண்டால்ஃப், தாமஸ் ஜெஃபர்சனின் தந்தை பீட்டர் ஜெஃபர்சனுக்கு 200 ஏக்கர் எழுதிக்கொடுத்தார். பத்திரத்தில் உள்ள விலை: ஹென்றி வெதர்பர்னின் கடையில் உள்ள மிகப் பெரிய கிண்ணம் நிறைய அராக் பஞ்ச், அதாவது சாராயம் கலந்த பானம். அராக் என்பது ஆசியாவிலிருந்து கப்பலேறிப் போன அதே சாராயம். அவர்கள் நண்பர்கள். பெயருக்கு ஒரு விலை இருப்பதால் வாங்கியவர் மகன் அல்லது மருமகன் என்று முடிவுகட்ட முடியாது.

கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை மனைவி ஆயுள்வரை அனுபவிக்கலாம். அதனால் வாங்குகிறவர்கள் அவளுடைய விட்டுக்கொடுப்பையும் கேட்பார்கள். நீதிபதிகள் அவளைக் கணவன் இல்லாதபோது தனியே விசாரித்துப் பதிவு செய்வார்கள். மனைவியின் பெயர் வேறெங்கும் கிடைக்காத நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு இந்த இரண்டு வரிதான் கதி. பத்திரத்தின் கீழேயே தேடுங்கள். இல்லையென்றால் நீதிமன்ற ஆணைப் புத்தகத்தில் அதே மாதத்தைப் பாருங்கள்.

எழுதத் தெரியாதவர்கள் அடையாளம் போட்டார்கள். எழுத்தர்கள் அதன் வடிவத்தையும் வரைந்து வைத்ததுண்டு. எப்போதும் ஒரே வடிவில் அடையாளமிடுகிறவரையும், முழுக் கையெழுத்துப் போடுகிறவரையும் பெயர் ஒன்றாக இருப்பதால் ஒருவராக்கிவிடக்கூடாது.

வரவு-செலவுக் கணக்கு

இனி வருவதுதான் இந்த வழிகாட்டியின் மையம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிலக் கணக்கு எழுதுங்கள். இடப் பக்கம் நிலம் வந்த வழி: பேட்டன்ட், கிரையம், தானம். வலப் பக்கம் போன வழி: விற்பனை, தானம், உயில். ஏக்கர், ஓடை, பக்கத்து நிலத்துக்காரர் மூன்றையும் ஒவ்வொரு வரியிலும் குறியுங்கள். பெயர் ஒன்றானாலும் ஓடை வேறானால் கணக்கையும் தனியாகத் திறங்கள்.

ஒருவர் 150 ஏக்கரை விற்கிறார். வாங்கியதற்கு எந்தப் பத்திரமும் இல்லை. அப்படியானால் அது வாரிசு வழியிலோ மனைவி வழியிலோ வந்திருக்க வேண்டும். அதே ஓடையில், அதே பக்கத்து நிலக்காரர்களோடு, முன்பு யார் கணக்கில் 150 ஏக்கர் வந்து, வெளியே போகாமல் நின்றுவிட்டது என்று பாருங்கள். தகப்பன் அங்கே இருப்பார். வர்ஜீனியாவில் தகப்பன் உயிலில்லாமல் இறந்திருந்தால், விற்கும் அந்த ஒருவர் அநேகமாக மூத்த மகன். மனைவி கூட்டு விற்பனையாளராக முதலிலிருந்தே நின்றால், நிலம் அவளுடைய தகப்பன் வீட்டிலிருந்து வந்திருக்கலாம்.

நிலம் வெளியே போனதைக் காட்டும் பதிவு பல ஆண்டு, சில சமயம் பல பத்தாண்டுகூடத் தாமதமாகலாம். ஜார்ஜ் வாஷிங்டனின் அண்ணன் லாரன்ஸ் 1752-ல் இறந்தபோது, தன் உயிலில் மவுண்ட் வெர்னன் பண்ணையில் மனைவி ஆனுக்கு ஆயுள் உரிமை கொடுத்தார். ஆன் மறுமணம் செய்துகொண்டார். மகள் சாரா 1754-ல் இறந்தாள். தம்பி ஜார்ஜ் அந்த ஆண்டே ஆனிடமும் அவர் புதுக் கணவரிடமும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். வாடகை ஆண்டுக்கு 15,000 பவுண்டு புகையிலை. ஆன் 1761-ல் இறந்தபிறகுதான் நிலம் அவருக்குச் சொந்தமானது. கிரையப் பத்திரம் எதுவும் இல்லை; 9 ஆண்டுக்கு முந்தைய உயில்தான் ஆதாரம். ஆகவே ஒருவர் இறந்தபின் குறைந்தது 40 ஆண்டுக்காவது அந்த நிலத்தைப் பத்திர அட்டவணையில் பின்தொடருங்கள். பங்காளிகள் சேர்ந்து விற்கும் பத்திரம் கிடைத்தால் பேரன், பேத்தி, மருமகன் பெயர் அத்தனையும் ஒரே தாளில் வந்துவிடும். அட்டவணையில் முதல் பங்காளியின் பெயர் மட்டுமே இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

செக்குபந்தியை வரைபடமாக்குவது

எல்லை விவரங்களைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரே பெயருள்ள இருவரைப் பிரிக்க இதைவிட உறுதியான வழி கிடையாது. அளவுகளை நினைவில் வையுங்கள்: ஒரு போல் 16.5 அடி. 4 போல் ஒரு செயின், 66 அடி. 320 போல் ஒரு மைல். 160 சதுர போல் ஒரு ஏக்கர். ராட், பெர்ச் என்று வந்தாலும் போல்தான்.

எடுத்துக்காட்டாக: ஆற்றோர வெள்ளை ஓக்கில் தொடங்கி, வடக்கிலிருந்து 30 டிகிரி கிழக்காக 160 போல், பிறகு தெற்கிலிருந்து 60 டிகிரி கிழக்காக 200 போல், தெற்கிலிருந்து 30 டிகிரி மேற்காக 160 போல், வடக்கிலிருந்து 60 டிகிரி மேற்காக 200 போல், தொடங்கிய இடத்துக்கு. 160-ஐ 200-ஆல் பெருக்கினால் 32,000 சதுர போல்; 160-ஆல் வகுத்தால் 200 ஏக்கர். பத்திரத்தில் உள்ள ஏக்கரோடு இது ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள்.

வரைவதற்குக் கோணமானியும் மெல்லிய தாளும் போதும். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் 1:24,000 வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்க, 100 போலுக்கு 21 மில்லிமீட்டர் என்ற கணக்கில் வரையுங்கள். கோடு தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வராவிட்டால், எழுத்தர் ஒரு வரியை விட்டிருப்பார் அல்லது கிழக்கையும் மேற்கையும் மாற்றியிருப்பார். ஒவ்வொரு கோட்டையும் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஏக்கரும் சரியாகி, கோடும் மூடினால் பிழை அதுதான். ‘ஆற்றின் வளைவுகளோடு’ என்று எழுதியிருக்கும் பக்கத்துக்கு அளவு இருக்காது. வரைபடத்திலுள்ள ஆற்றையே எல்லையாக எடுங்கள்.

அவர்கள் காம்பஸ் வைத்து அளந்தார்கள். காந்த வடக்கு காலப்போக்கில் நகர்ந்துவிட்டது. அதனால் படத்தைச் சில டிகிரி சுழற்றினால்தான் ஓடையோடு பொருந்தும். பக்கத்து நிலங்களையும் அதேபோல் வரைந்து ஒட்டுங்கள். இரண்டு நிலத்துக்கும் பொதுவான ஒரு கோடு, ஒரே கோணம், ஒரே நீளத்தில் வந்துவிட்டால் இடம் உறுதி. உயிலுக்கு அடியில் சாட்சியாகவும், பட்டியலில் மதிப்பீட்டாளராகவும், விதவைக்கு ஜாமீனாகவும் வரும் பெயர்கள் இந்த வரைபடத்தில் பக்கத்து வீடுகளாக எழுந்து நிற்கும். விதவைக்கு ஜாமீன் நின்றவரை அவள் பிறந்த வீட்டு ஆளாக இருக்குமோ என்று எப்போதும் சோதியுங்கள்.

மற்றக் காலனிகள்

கனெக்டிகட், ரோட் ஐலண்ட் இரண்டிலும் பத்திரங்கள் கவுண்டியில் இல்லை, ஊர் எழுத்தரிடம். நியூ இங்கிலாந்தில் ஊரின் முதல் பங்குதாரர்களுக்கு நிலம் பிரித்த பதிவேடுகளும் தனியே உண்டு. பென்சில்வேனியாவில் விண்ணப்பம், வாரன்ட் (நிலத்தை அளக்கும் உத்தரவு), அளவை, அறிக்கை, பேட்டன்ட் என்று படிகள். வாரன்டுக்கும் பேட்டன்டுக்கும் இடையில் பல பத்தாண்டு போய், பேட்டன்ட் வேறொருவர் பெயரில் வரலாம். மேரிலாந்தில் நிலத்துண்டுகளுக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டால் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடரலாம். அங்கே 1777 வரை உயில்கள் அன்னாபொலிஸில் ஒரே மைய நீதிமன்றத்திலும் பதிவாயின.

நீதிமன்றம் எரிந்திருந்தால்

பாதுகாப்புக்காக ரிச்மண்டுக்கு அனுப்பிய பல கவுண்டிகளின் புத்தகங்கள் 1865 ஏப்ரல் தீயில் அழிந்தன. ஹானோவர் அவற்றில் ஒன்று. பேட்டன்ட்கள் தப்பின, அவற்றிலிருந்து தொடங்கலாம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அக்கம்பக்கத்தார் சேர்ந்து எல்லைகளை நடந்து பார்க்க வேண்டும் என்பது வர்ஜீனியாச் சட்டம். அதன் பதிவு திருச்சபைப் புத்தகங்களில் இருப்பதால், நீதிமன்றத் தீயில் அகப்படவில்லை. எரியாத பக்கத்துக் கவுண்டியில் அதே ஆட்களுக்கு நிலமோ வழக்கோ இருந்திருக்கும். இங்கிலாந்திலும் சொத்து வைத்திருந்தவர்களின் உயில் கேன்டர்பரி நீதிமன்றப் பதிவுகளில் கிடைப்பதுண்டு.

ஃபேமிலிசர்ச் தளத்தின் முழுஎழுத்துத் தேடல், அட்டவணையில் ஏறாத பெயர்களையும் பத்திரத்துக்குள்ளிருந்து எடுத்துக் கொடுக்கும். அங்கே குடும்பப் பெயரை மட்டும் போடாதீர்கள். ஓடைப் பெயரையும் பக்கத்து நிலக்காரர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். எழுத்துக்கூட்டல் நிலையாக இல்லாத காலம் அது. பழைய நீண்ட எஸ் எழுத்தை எஃப் என்று கணினி படித்துவிடும். அந்தப் பிழை வடிவத்தையும் தேடிப் பாருங்கள்.

அடிமைப்படுத்தப்பட்டவர்களின் சந்ததியினர் தேடும்போது

தங்கள் முன்னோரின் பெயர் உயிலில் கொடுத்தவராகவோ வாங்கியவராகவோ இல்லாமல், சொத்தாக எழுதப்பட்டிருப்பதைப் படிப்பது மிகுந்த வேதனை. ஆனாலும் பெயர் இருக்கும் இடம் பெரும்பாலும் அதுவே. வர்ஜீனியாவின் 1662 சட்டப்படி பிள்ளையின் நிலை தாயின் நிலை; அதனால் தாய்-பிள்ளை உறவு பல பட்டியல்களில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும். 1705 சட்டம் அவர்களை நிலத்தைப் போல அசையாச் சொத்தாகக் கருதியது. எனவே உயில் இல்லாத இடத்தில் யாரிடம் போனார்கள் என்பதற்கும் நிலத்தின் வாரிசு விதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சொத்து விவரப் பட்டியலில் உள்ள பெயர்களை எழுதியிருக்கும் வரிசை மாறாமல் நகலெடுங்கள். தாயும் பிள்ளைகளும் அடுத்தடுத்து வருவது வழக்கம். ஒருவரையும் விடாதீர்கள். பிறகு பிரிவினைப் பத்திரம், மகளுக்குத் திருமணத்தின்போது எழுதிய தானப் பத்திரம், விதவையின் மறுமண ஒப்பந்தம், அடுத்த தலைமுறையின் பட்டியல் ஆகியவற்றில் அதே பெயர்க் கூட்டத்தைத் தேடுங்கள். ஒரு பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது. தாய், இரண்டு பிள்ளைகள் என்று மூன்று பெயர் சேர்ந்து, வயதும் மதிப்பும் பொருந்தி, உரிமையாளர்களின் உறவும் நிரூபணமானால் அது ஒரே குடும்பம் என்று எழுதலாம். ஒவ்வொருவருக்கும், நில உரிமையாளருக்குத் திறந்ததைப் போலவே, தனிப் பக்கம் ஒன்றைத் திறந்து, எந்த ஆண்டில் எந்த ஓடைக்கரையில் இருந்தார் என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.